நாட்காட்டித் தாளின் மறுபுறம்

ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறேன். வரைந்ததைக் காட்ட வழியில்லை, சொல்லத்தான் இயலும். ஆயினும் எனக்கு இதில் சிறிது பழக்கம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக் காலம், நான் வரைந்த படங்களை எல்லாம் ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லியே காட்டி வந்தேன்.

நான் கும்பகோணத்தில் வாழ்பவன். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கரும்பலகையில் மாம்பழமும் கூஜாவும் வரையக் கற்றேன். அதற்குமேல் என் கலை வளரவில்லை. ஓய்வுக்குப் பின், எங்கள் பள்ளியிலேயே ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், ஞாயிறுதோறும் காலையில் என்னை மகாமகக் குளக்கரைக்கு அழைத்துச் செல்வார். கரையைச் சூழ்ந்துள்ள பதினாறு மண்டபங்களில் ஒன்றைத் தேர்ந்து, படியில் அமர்ந்து இருவரும் வரைவோம். பள்ளியில் நான் அவருக்குத் தலைவன். குளக்கரையில் அவருக்கு மாணவன்.

அவ்வாண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. இருபத்தொரு நாள் என்றார்கள். அது மேலும் மேலும் நீண்டது. குளக்கரைக்குச் செல்வது நின்றது. வரைபவன் வெளியே சென்றுதான் ஆகவேண்டும் என்று அன்று நம்பியிருந்தேன். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்க’ளைத் தீட்டிய ஓவியர் சில்பி, கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்தவர் அல்லவா? அறைக்குள் அடைபட்டவனுக்கு ஓவியம் ஏது என்று எண்ணினேன். இருந்த குறிப்பேடும் சில நாளில் தீர்ந்தது, கடைகளோ மூடியிருந்தன.

இதைத் தொலைபேசியில் சொல்லி வருந்தியபோது நண்பர் கேட்டார்: “நாட்காட்டியில் தினம் ஒரு தாள் கிழிக்கிறீர்களே சார், அதன் மறுபுறம் வெறுமையாகத்தானே இருக்கிறது?”

அன்றே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. நாளுக்கு ஒரு தாள். தாளுக்கு ஒரு படம். மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அதை அவருக்கு விவரிக்க வேண்டும். அவரிடம் இருந்தது படம் அனுப்ப இயலாத பழைய கைப்பேசி.

முதல் நாள் பித்தளைக் குடத்தை வரைந்தேன். “வாய் வட்டமாக இருக்கிறது” என்றேன். “வட்டமாக இருப்பது தெரியும், வட்டமாகத் தெரிந்ததா?” என்று கேட்டார். எழுந்துபோய்ப் பார்த்தேன். தரையில் வைத்து நின்று பார்க்கும்போது வாய் அகன்ற நீள்வட்டமாகத் தெரிந்தது. பலகைமேல் வைத்தால் ஒடுங்கிற்று. கண் மட்டத்திற்கு உயர்த்தினால் வெறும் கோடாகிவிட்டது. நான் குடத்தை வரையவில்லை. குடத்தைப் பற்றி நான் அறிந்திருந்ததை வரைந்திருக்கிறேன்! மறுநாள் ஜன்னலை வரைந்தேன். கம்பிகள் கோணின. “கம்பியை விடுங்கள், கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வரையுங்கள்” என்றார். இடைவெளி சரியானதும் கம்பிகள் தாமாகவே நிமிர்ந்தன.

நாற்பது நாளுக்குள் வீட்டிலுள்ள பொருள்கள் தீர்ந்துவிட்டன. அப்படித்தான் அவரிடம் முறையிட்டேன். “ஒரே பொருளை நண்பகலில் வரைந்து வாருங்கள்” என்றார். முற்றத்துத் துளசி மாடத்தைத் தேர்ந்தேன். உயரம் மூன்று அடி. ஜூன் மாதத்தில் அதன் நண்பகல் நிழல் முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக, தெற்கு நோக்கி விழுந்தது. ஆகஸ்டு இறுதியில் நிழல் மாடத்தின் காலடியில் ஒடுங்கிற்று. பின்னர் வடக்கே நீளத் தொடங்கி, டிசம்பரில் இரண்டு அடியை எட்டியது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருப்பதால், கோடையில் கதிரவன் நம் உச்சிக்கு வடக்கே செல்கிறான். முப்பது ஆண்டுகள் புவியியல் வகுப்பில் நான் நடத்திய பாடம் இது. என் முற்றத்திலேயே அது நிகழ்வதை ஒருமுறையும் கண்டதில்லை.

எல்லா நாளும் கை ஓடவில்லை. வெளியூரில் இருந்த என் சிற்றப்பா மகன் நோயால் மறைந்தபோது, நாங்கள் சென்று முகம் பார்க்க இயலவில்லை. அதன்பின் பதினொரு நாள் எழுதுகோலைத் தொடவில்லை. நண்பர் மாலைதோறும் அழைத்தார். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டாம் நாள் என் மனைவி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கைகளை வரைந்தேன். விரல் கணுக்கள் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எத்தனை நாளாய் வலிக்கிறது என்று கேட்டேன். மூன்று ஆண்டுகள் ஆயின என்றாள்.

2021 பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று, முகக்கவசம் அணிந்து, படியில் ஆறடி இடைவெளி விட்டு, இருவரும் மீண்டும் குளக்கரையில் அமர்ந்தோம். நூலால் கட்டிய 300க்கும் மேற்பட்ட தாள்களை அவரிடம் தந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளில் துளசி மாடம் இருந்தது. திருப்பினால் ஜூன் 9. அவ்வாண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அரசு நீக்கிய நாள் அது.

அந்தத் தேதியைக் கண்டதும் நெடுநாள் மனத்திலிருந்த ஒன்று வெளியே வந்துவிட்டது. அந்தத் தேர்வின் பொருட்டு ஆண்டுதோறும் அவருடைய ஓவியப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்தவன் நான். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது, பாராட்டும் பெற்றேன். அவர் ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை. “மாஸ்டர், நான் செய்தது தவறு” என்றேன்.

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த நேரத்திலெல்லாம் நான் ஆசிரியர் அறையில் வரைந்துகொண்டுதான் இருந்தேன் சார். எனக்கு ஒன்றும் நட்டமில்லை. பிள்ளைகளுக்குத்தான்” என்றார். பிறகு, வெறுமையாய் இருந்த பதினொரு தாள்களுக்கு வந்தார். அவற்றையும் ஒவ்வொன்றாகவே புரட்டினார்.

நேயர்களே, எனக்குக் கைத்திறன் வந்துவிட்டதாகச் சொல்ல வரவில்லை. என் மண்டபங்கள் இன்றும் சற்றுச் சாய்ந்தே நிற்கின்றன. ஆனால் அந்த ஓராண்டில், அச்சமும் துக்கமும் வீட்டைச் சூழ்ந்திருந்தபோது, நாள்தோறும் கால்மணி நேரம் ஒரு பொருளை உள்ளபடி பார்க்கும் வேலை எனக்கு இருந்தது. அதை எனக்குத் தந்தது, நான் வேண்டாத பாடம் என்று ஒதுக்கிய பாடம்.

தலைமையாசிரியர்களாக இருப்போர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வு நெருங்கும், மதிப்பெண் குறையும், ஓவிய வேளை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு சொல்: நாளைக் காலையில் நாட்காட்டித் தாளைக் கிழித்தால் எறிந்துவிடாமல், ஒரு பென்சிலுடன் உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். மாலையில், “என்ன வரைந்தாய்?” என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு கேளுங்கள்.