கட்டங்களைக் காட்டுவதும் மறைப்பதும்

(பெற்றோர் – இளையோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த தமிழர் அமைப்புகளின் இணையத்தளங்கள் பலவற்றின் முகப்பு ஏறக்குறைய ஒரே விதமாகவே அமைந்திருக்கும். நடுவில் செய்தி, ஒரு பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை அறிவித்தல், மறுபக்கத்தில் வாக்குமூலங்களின் பட்டியல், அடியில் தொடர்பு முகவரி. இவ்வாறு தனித்தனியே நிற்கும் பகுதிகளைக் கணினித் துறையினர் ‘பிளாக்’ என்பர். இவ்வுரையில் அவை ‘கட்டங்கள்’ எனப்படும். கட்டத்தின் உள்ளடக்கம் தரவுத்தளத்தில் இருக்கின்றது. அது எங்கே, எப்படித் தோன்றவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ‘தீம்’ என்னும் தோற்ற அமைப்பு.

எடுத்துக்காட்டாகத் துருப்பல் என்னும் கட்டற்ற மென்பொருளை நோக்கலாம். பெல்ஜியத்தில் மாணவராக இருந்த டிரீஸ் பாய்டார்ட் உருவாக்கி 2001இல் வெளியிட்ட இம்மென்பொருளில், தீம் முதலில் தன் பக்கத்தைத் தலைப்பகுதி, நடுப்பகுதி, பக்கப்பகுதி, அடிப்பகுதி எனப் பிரித்து அறிவிக்கின்றது. நிருவாகி அப்பகுதிகளில் கட்டங்களை இருத்துகின்றார். எந்தப் பக்கத்தில், எம்மொழியில், எவ்வகைப் பயனருக்குத் தோன்றவேண்டும் என்னும் நிபந்தனைகளையும் அங்கேயே விதிக்கலாம். தமிழ்ப் பக்கத்தில் தமிழ் அறிவித்தலும், யேர்மன் பக்கத்தில் யேர்மன் அறிவித்தலும் தோன்றச் செய்வதற்கு ஒரு வரி நிரல்கூட எழுதவேண்டியதில்லை.

கட்டத்தின் உள்ளமைப்பை மாற்றவேண்டின், அதற்குரிய வார்ப்புருக் கோப்பைத் தீமின் கோப்புறையில் வைத்துத் திருத்தவேண்டும். 2015இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் இவ்வார்ப்புருக்கள் டுவிக் மொழியில் எழுதப்படுகின்றன. ஒரு குறிப்பிட்ட கட்டத்தை மட்டும் மாற்றுவதற்கு, ‘பிளாக்’ என்ற சொல், இரண்டு சிறுகோடுகள், பின்னர் கட்டத்தின் அடையாளப் பெயர் என்ற முறையில் கோப்புக்குப் பெயரிடவேண்டும். அடையாளப் பெயரில் அடிக்கோடு இருந்தால், கோப்பின் பெயரில் அது சிறுகோடாக மாறவேண்டும். இளையோர் பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த ஒரு கோட்டினால்தான். டுவிக் பிழைகாண் வசதியை இயக்கினால், பக்கத்தின் மூலநிரலிலேயே பொருத்தமான பெயர்கள் குறிப்பாகத் தோன்றும். மென்பொருளோடு வரும் தீமின் கோப்புகளில் நேரடியாகக் கைவைத்தல் ஆகாது. அடுத்த இற்றைப்படுத்தலில் அத்தனை உழைப்பும் அழிந்துபோகும். 10ஆம் பதிப்பில் உள்ள தொடக்கத் தீமிலிருந்து புதியதொரு தீமை உருவாக்கிக்கொள்வதே முறை.

இனி, பெற்றோர்களும் கவனிக்கவேண்டிய இடம். ‘வாக்குமூலங்கள்’ என்றொரு கட்டத்தில், தாயகத்தில் உறவினர் வாழும் ஒருவரின் பெயரும் படமும் இடம்பெறுவதாகக் கொள்வோர், பின்னர் அவர் அதனை நீக்குமாறு கேட்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர், பாணிக்கோப்பில் ஒரு வரி எழுதி அப்பெயரைத் திரையிலிருந்து மறைத்துவிடுவார். திரையில் பெயர் இல்லை. ஆனால் பக்கத்தின் மூலநிரலில் பெயர் அப்படியே உள்ளது. உலாவியில் மூலநிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் அதனை வாசிக்கலாம்.

கட்டத்தையே நிபந்தனை விதித்து நிறுத்தினாலும் சிக்கல் முழுமையாகத் தீராது. கட்டம் காட்டிய வாக்குமூலம் தனிப் பக்கமாக வெளியிடப்பட்டிருந்தால், அதன் முகவரியை அறிந்தவருக்கு அது திறக்கும். தளத்தின் உள்தேடலிலும் அகப்படலாம். படம் பொதுக் கோப்புறையில் இருப்பின், பக்கத்தை நீக்கிய பின்னரும் படத்தின் முகவரி வேலை செய்யக்கூடும். ஆகவே வாக்குமூலத்தை வெளியீட்டு நிலையிலிருந்து எடுக்கவேண்டும், படத்தை அழிக்கவேண்டும் அல்லது அனுமதி பெற்றவர் மட்டும் காணும் தனிக் கோப்புறைக்கு மாற்றவேண்டும், தற்காலிகச் சேமிப்பையும் துடைக்கவேண்டும். தேடுபொறிகளும் இணைய ஆவணக் காப்பகங்களும் ஏற்கெனவே எடுத்துவைத்த படிகளுக்குத் தனியே விண்ணப்பிக்கவேண்டும். காட்சியை மாற்றுவது வேறு, அணுக்கத்தைத் தடுப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் ‘நீக்கிவிட்டோம்’ என்று அக்குடும்பத்துக்குச் சொல்வது மிகப் பாரதூரமான தவறு.

தமிழ் எழுத்தின் தேவைகளும் உண்டு. பெரும்பாலான தீம்கள் இலத்தீன் எழுத்தை மனத்திற்கொண்டு வடிக்கப்பட்டவை. தமிழிலோ மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் இடம் கேட்கின்றன. வரியின் உயரத்தை எழுத்தளவின் 1.2 மடங்காக வைத்தால் வரிகள் ஒன்றோடொன்று முட்டுவதுபோல் தோன்றும். 1.6 மடங்கு கண்ணுக்கு இதமானது. கட்டத்துக்கு நிலையான உயரம் கொடுத்தால், ஆங்கிலத்தில் அடங்கிய தலைப்பு தமிழில் வெட்டுப்படும். குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுத்தல் நன்று. ஒடுங்கிய பக்கக் கட்டங்களில் நீண்ட தமிழ்ச் சொற்கள் எல்லை தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மடிக்கும் கட்டளையும் தேவை.

பழைய தளங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டங்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் தீமை மட்டும் மாற்றுவது வீண்வேலை.

திறன்பேசியில் பக்கப்பகுதி பெரும்பாலும் நடுப்பகுதிக்குக் கீழே இறங்கிவிடும். சனிக்கிழமை வகுப்பு நடைபெறுமா எனப் பார்க்கும் தாய், பத்துச் செய்திகளைத் தாண்டி விரலால் உருட்டவேண்டியிருக்கும். அவ்வறிவித்தலை நடுப்பகுதியின் மேலேயே இருத்துவது நல்லது.

கட்டத்தின் தலைப்பு அழகைக் கெடுக்கின்றது என்று எண்ணுவோர் அதனை முற்றாக நீக்கவேண்டியதில்லை. கண்ணுக்கு மட்டும் மறைத்து, திரைவாசிப்புக் கருவிக்கு விட்டுவைக்கும் வகுப்பு துருப்பலில் உண்டு. 10ஆம் பதிப்பின் இயல்பான தீமாகிய ‘ஒலிவெரோ’, 2019இல் மறைந்த ரேச்சல் ஒலிவெரோ என்னும் பார்வையற்ற பெண்மணியின் நினைவாகப் பெயரிடப்பட்டது. அவர் மாற்றுத்திறனாளிகளுக்கும் இணையம் எட்டவேண்டும் என உழைத்தவர். மாற்றத்தைச் செய்த இளையோர், அதே மாலையில் வீட்டிலுள்ள பெரியவரின் பேசியில் தளத்தைத் திறந்து, அவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.