பழியின் கணக்கு



வார இதழில் வந்த விறுவிறுப்பான தொடர்கதை என்றதும் அதை இலக்கியத்தின் வாசற்படியிலேயே நிறுத்திவிடுவது தமிழ்த் திறனாய்வின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தால் உரிய கவனத்தை இழந்த நூல்களுள் ஒன்று சுஜாதாவின் ‘ரத்தம் ஒரே நிறம்’. ‘கறுப்பு, சிவப்பு, வெளுப்பு’ என்னும் பெயரில் குமுதத்தில் தொடங்கிய அத்தொடர், சாதி இழிவுபடுத்தப்பட்டதாக ஒரு சமூகத்தார் கொதித்தெழுந்ததால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, பின்னர் புதுப் பெயரோடு எழுதப்பட்டது. அச்சினத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கோயில் வாசலிலும் தெருவிலும் மானத்துக்காகப் போராடிய மக்களுக்கு அச்சில் ஏறிய ஒரு சொல்லும் சிறிதன்று.

கதையின் அச்சாணி எளியது. தந்தையைக் கொன்ற ஆங்கில அதிகாரியைத் தேடி முத்துக்குமரன் என்னும் இளைஞன் வடக்கே செல்ல, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அவனுடைய சொந்தப் பழியை விழுங்கிவிடுகிறது. பழி என்பது உயிருக்கு உயிர் ஈடு கேட்கும் கணக்கு. அது ஒருபோதும் நேராவதில்லை என்பதற்குக் கான்பூரே சாட்சி. அங்கே பீபீகர் என்ற வீட்டில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் வெட்டப்பட்டனர். சென்னையிலிருந்து வெள்ளைப்படையோடு போயிருந்த நீல் என்னும் ஆங்கிலத் தளபதி, பிடிபட்டவர்களை அந்த வீட்டுத் தரையில் உறைந்த ரத்தத்தை நக்கவைத்த பிறகே தூக்கிலேற்றினார். அவருக்குத்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது; 1927இல் சத்தியாகிரகம் நடந்தும் அது அகன்றது 1937இல்.

நாவலின் ஆழம் அதன் வேகத்திலேயே இருக்கிறது. அடுத்த வாரமாவது அவன் பழிதீர்ப்பானா என்று துடிக்கும் வாசகர், தம்மை அறியாமலே அந்தக் கொலைக்கணக்கில் பங்காளியாகிவிடுகிறார். அந்தக் கணக்கை வேறு வழியில் அடக்கலாம் என்று காட்டக் காட்டுப்பாதை ஓரத்துப் பீடமே போதும். வெட்டுண்டு மாண்டவரைப் பட்டவன் என்று பீடமெழுப்பிக் கும்பிடுவது தென்மாவட்ட வழக்கம். சில இடங்களில் கொன்றவர் வழியினரும் அஞ்சிப் பொங்கலிடுவர். பழியைத் தீர்க்காமல் தெய்வமாக்கி அடக்கிவைக்கும் இவ்வழி முத்துக்குமரனுக்கு வாய்க்கவில்லை.

பட்டவனுக்குப் பொங்கலிடும் கரிசல் ஊரார், அடுத்த பொங்கலுக்குள் அந்த நாவலை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.