மூச்சுக்கும் ஒரு கணக்கு உண்டு

(திருப்பத்தூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செப்டிக் டேங்கில் நம்ம ஆள் செத்தா மறுநாள் பேப்பரில் 'விஷவாயு தாக்கி பலி'ன்னு நாலு வரி. ஏதோ வாயுதான் கொலைகாரன் மாதிரி. இறக்கிவிட்டவன் பேர் அதில் இருக்காது.

நம் மாவட்டத்து ஆம்பூரும் வாணியம்பாடியும் டேனரி ஊர்கள். தோலில் மயிர் நீக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். மலக்குழியிலும் அதே வாயுதான். முதலில் அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். 'நாத்தம் நின்னுடுச்சு, இறங்கலாம்'னு நினைக்கிற நேரம்தான் சாவு. தூக்கப் போன தம்பியும் பின்னாலேயே விழுவான்.

மூஞ்சில துணி கட்டி என்ன பயன்? ஜவ்வாது மலையில் இழுக்கிற காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே ஆபத்து. வடிகட்டி மாஸ்க் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. காற்றைக் கையோடு கொண்டுபோகணும்.

அதில் இரண்டு வகை. ஒண்ணு, முதுகில் சுமக்கிற அழுத்தக் காற்று சிலிண்டர். விடுகிற மூச்சு வெளியே போய்விடும். 6 லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 1800 லிட்டர் காற்று. கடும் வேலையில் நிமிஷத்துக்கு 40 லிட்டர் போனால் 45 நிமிஷத்தில் காலி. இன்னொண்ணு, விட்ட மூச்சின் கரியமில வாயுவை உறிஞ்சி, ஆக்சிஜன் சேர்த்துத் திருப்பித் தருவது. மணிக்கணக்கில் தாங்கும். சுரங்க மீட்புக்காரர்கள் மாட்டுவது இதுதான். இவை தவிர, மேலேயிருந்து குழாயில் காற்று அனுப்பும் கருவியும் உண்டு. குழாய் மடங்கினால் போச்சு, அதனால் இடுப்பில் தப்பிக்க ஒரு சின்ன சிலிண்டர் வேணும்.

சுரங்கத்துக்கு 1985லேயே மீட்பு விதிகள் வந்தாச்சு. மலக்குழிக்கு 2013இல்தான் சட்டமும் விதிகளும் வந்தன. மூச்சுக் கருவி, வாயு அளக்கும் மீட்டர், முக்காலி எல்லாம் பட்டியலில் இருக்கு. கருவியோடுகூட விதிவிலக்கான வேலைக்குத்தான் ஆளை இறக்கலாம். உச்ச நீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. சாவுக்கு விலை ஏறுது. சாவு நிற்கலையே?

ஆகவே தோழர்களே, 'மாஸ்க் கொடு' என்பது நம் கோரிக்கை அல்ல. குழிக்குள் மெஷின் இறங்கட்டும், மனுசன் இறங்கக் கூடாது. இந்தக் கருவி மீட்கப் போகிறவனுக்கு. நாளைக்கே உங்க ஊர் நகராட்சியில் போய்க் கேளுங்க: எத்தனை செட் இருக்கு? சிலிண்டரைக் கடைசியா எப்ப நிரப்பினீங்க? மாட்டத் தெரிஞ்சவர் யார்? பதிலை எழுத்தில் வாங்குங்க.