வயல் தவளையும் உலக வாணிப உடன்படிக்கையும்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அருகி வரும் காட்டு விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் வாணிபத்தை ஒழுங்குபடுத்த உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. ‘சைட்டிஸ்’ என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். புலித்தோலுக்கும் யானைத் தந்தத்துக்கும் உள்ள விதிகள்தானே, நெல் பயிரிடும் நமக்கு அதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் வயலில் கத்தும் தவளையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இந்த உடன்படிக்கை 1973 மார்ச் 3-ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 1976-இல் இந்தியா சேர்ந்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன. இதில் மூன்று பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் இருப்பவை அழியும் நிலையில் உள்ளவை. காட்டில் பிடித்த அவற்றை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு அனுப்பக் கூடாது. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றை அனுப்பலாம்; ஆனால் அதனால் அந்த இனத்துக்குக் கேடு வராது என்று ஏற்றுமதி செய்யும் நாடு கண்டறிந்து அனுமதி வழங்க வேண்டும். மூன்றாம் பட்டியல், ஒரு நாடு தன் எல்லைக்குள் காத்துவரும் இனங்களுக்காகப் பிற நாடுகளின் உதவியைக் கோருவது.

இனி தவளைக்கு வருவோம். ஒரு காலத்தில் இந்தியா தவளைக் கால்களை உறைய வைத்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பி வந்தது. 1981-இல் மட்டும் 4,000 டன்னுக்கு மேல் போயிற்று. அது கால்களின் எடை மட்டுமே. முதல் மழைக்கு இணை சேர வெளிவரும் தவளைகளை இரவில் விளக்கு வைத்துப் பிடித்தார்கள். முட்டையிட வேண்டிய தவளையே சாக்குக்குள் போயிற்று. பிடித்தவருக்குக் கூலி கிடைத்தது, நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது, இழப்பு வயலுக்கு.

மழைக்காலத்தில் மஞ்சளாக மாறும் பெரிய தவளையும், குளத்துப் பச்சைத் தவளையும் 1985-இல் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அது தடையன்று, கட்டுப்பாடுதான். 1987-இல் இந்திய அரசு ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது. உடனே ஐரோப்பியச் சந்தை இந்தோனேசியாவை நாடியது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையைத் தேடுவது போலத்தான். பல நாடுகள் ஒன்றுசேர்ந்து விதி வகுப்பது இதற்காகவே.

ஆனால் உடன்படிக்கையின் கை துறைமுகம் வரைதான் நீளும். வரப்புக்குள் தவளையைக் காப்பது நம் கையில் இருக்கிறது. தவளை அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும். பெரிய தவளை நண்டையும் சுண்டெலியையும்கூட விடாது. நன்மை செய்யும் பூச்சிகளையும் அது தின்னும் என்பது உண்மையே. தவளை இருந்தால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலி கேட்காமல் இரவு முழுவதும் வேலை செய்யும் ஓர் ஆளை இழக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அதற்குச் செய்ய வேண்டியவை சிலவே. தவளையைப் பிடிக்கவோ விற்கவோ யாரையும் வயலில் விடாதீர்கள். பூச்சிகளின் தாக்குதல் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் மருந்து தெளியுங்கள். தவளையின் தோல் ஈரமானது. நஞ்சை எளிதில் உறிஞ்சிவிடும். தலைப்பிரட்டைகள் நீந்தும் நீரில் மருந்து கலந்தால் அடுத்த தலைமுறையே அழியும். மருந்து தெளித்த கருவிகளை வாய்க்காலிலோ குட்டையிலோ கழுவாதீர்கள். கோடையில் தவளை மண்ணுக்குள் பதுங்கியிருக்கும். குட்டையின் கரைகளில் ஒரு பகுதியையாவது கிளறாமல் விட்டு வையுங்கள்.

துறைமுகத்தில் அரசு போட்ட தடைக்கு வயலில் நாம் துணை நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மழை இரவில் தவளைக் குரல் தொடர்ந்து கேட்கும்.