பண்ணை வைக்கப் போகும் தம்பதிகளுக்கு



மதுரை நகரத்து வேலையை விட்டு, மேலூர்ப் பக்கமும் வாடிப்பட்டிப் பக்கமும் பண்ணை வைக்கப் படித்த தம்பதிகள் புறப்படுகிறார்கள். நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: அங்கே நாற்று நடப்போகும் கைகள் யாருடையவை? அவற்றுக்குக் கூலி என்ன?

மதுரையில் படித்த கிருஷ்ணம்மாளும் கணவர் ஜெகந்நாதனும் கிராமத்துக்குப் போனது தமக்கு நிலம் தேடி அல்ல. செங்கொடி பிடித்துக் கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் இருவரும் கீழத்தஞ்சைக்கே சென்று உழைத்தார்கள். 1981-ல் ‘லாப்டி’ அமைப்பைத் தொடங்கி, நிலமற்றோருக்கு நிலம் பெற்று, பெண்கள் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

அவர்களுடையது காந்தி வழி. நம்முடையது சங்க வழி. இரண்டு வழியும் கேட்பது ஒன்றே: உழுபவருக்கே நிலம்!

பண்ணை வைப்போரே, கூலியைக் குறைக்காதீர்கள். கூலிக்காரர் சங்கம் சேர்ந்தால் தடுக்காதீர்கள். அப்போதுதான் ஊர் உங்களைத் தன்னவராக ஏற்கும்.