கல்லுக்குள் ஒரு துளை



திருவள்ளூரில் எபனைட் என்னும் கடின ரப்பர்த் தண்டை லேத்தில் மாட்டி, கையாலேயே மைப்பேனா கடைந்து தருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உளி பட்டதும் கறுப்புச் சீவல் சுருள் சுருளாக உதிரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனாவின் உடல் திரண்டு வந்துவிடும். அதே லேத்தில் ஒரு படிகக் கல்லை மாட்டினால் உளிதான் மழுங்கும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் படிகத்துக்கு 7. சாதாரணக் கத்தியின் எஃகு அதற்குக் கீழே. படிகத்தைச் சீவ முடியாது, தேய்க்கத்தான் முடியும். முழுக் கல்லில் பேனா செய்ய உட்காருகிறவர் அந்தப் பொறுமையோடுதான் உட்கார வேண்டும்.

முதல் வேலை கல்லைத் தேர்வது. அழகு மட்டும் போதாது. புளோரைட் கல் பச்சையும் ஊதாவுமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் நான்கு திசைகளில் வழுக்கிப் பிளந்துவிடும் இயல்பு அதற்கு உண்டு. மெல்லிய குழாயாக்கினால் தாங்குவது கடினம். படிகத்திலும் அகேட்டிலும் அப்படி எளிதில் பிளக்கும் தளங்கள் இல்லை. ஜேடு கடினத்தில் படிகத்துக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் நெஃப்ரைட் வகை ஜேடுக்குள் நுண்ணிய இழைகள் பாய் முடைந்ததுபோல் பின்னிக் கிடப்பதால் அடித்தாலும் சட்டென்று உடையாது. ஜெர்மனியின் கிராஃப் ஃபான் ஃபேபர்-காஸ்டெல் நிறுவனம் ‘ஆண்டின் பேனா’ வரிசையில் 2011-இல் ஜேடைப் பயன்படுத்தியது. 2007-இல் அது எடுத்துக்கொண்டது கல்மரம். திருவக்கரைக்குப் போனவர்களுக்குத் தெரிந்த அதே வகைக் கல்.

தேர்ந்த கல்லைத் தண்ணீரில் நனைத்து, விளக்குக்கு எதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தலைமுடி அளவு வெடிப்பு இருந்தாலும் அந்தக் கல் ஒதுக்கப்படும். பிறகு வைரத்தூள் பதித்த வட்ட ரம்பத்தால் அதைச் சதுரத் தண்டாக அறுப்பார்கள்.

அடுத்து, துளை. பேனாவின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

மை நிரப்பும் குழல் உள்ளே போக வேண்டும். வாய்ப்பக்கத்தில் அதைச் சுற்றி ஒரு உலோகக் கூடும் உட்கார வேண்டும். பேனாவின் கனம் 13 மில்லிமீட்டர், துளை 9 மில்லிமீட்டர் என்றால் மிஞ்சும் கல்சுவர் வெறும் 2 மில்லிமீட்டர். அதனால் கல் தடிமனாக இருக்கும்போதே துளையிட்டுவிடுவார்கள். துளைப்பான் என்பது ஒரு வெற்றுக் குழாய். அதன் விளிம்பில் மட்டும் வைரத்தூள். சூட்டில் கல் வெடிக்காதபடி தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, விளிம்பு கல்லைத் தேய்த்துக்கொண்டு இறங்கும். மறுபக்கம் வெளியேறும் நொடியில் கல் சில்லுச் சில்லாகப் பெயரக்கூடும். அதற்காக அடியில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, துளை அந்தக் கண்ணாடிக்குள் போய் முடியும்படி செய்வார்கள்.

கல்லைத் துளைப்பது இந்தத் துணைக்கண்டத்துக்குப் புதிதல்ல. சிந்துவெளியின் சான்ஹுதாரோவை 1935-36-இல் அகழ்ந்தவர் எர்னஸ்ட் மக்காய். அந்தக் கால மணிக்காரர்கள் பயன்படுத்திய துளைப்பான் கல்லுக்குப் பின்னாளில் அவர் பெயரை வைத்தே எர்னஸ்டைட் என்று பெயரிட்டார்கள். தொல்லியலாளர் ஜோனதன் மார்க் கெனோயர் சோதித்துப் பார்த்தபோது, அது சூதுபவளத்தில் மணிக்குச் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் இறங்கியது. 6 சென்டிமீட்டர் மணி ஒன்றைத் துளைக்க 24 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தால் மூன்று முழு நாட்கள். நம் ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரைக் கொடுமணலிலும் படிகம், பச்சைக்கல், சூதுபவளம் ஆகியவற்றில் மணி செய்தார்கள். துளையிட்டவை, துளையிடாதவை, பாதியில் நின்றவை என்று எல்லா நிலையிலும் மணிகள் அங்கே அகழ்வில் கிடைத்திருக்கின்றன.

துளை முடிந்த பிறகுதான் வெளிப்புறத்தை உருட்டுவார்கள். துளைக்குள் ஒரு உலோகக் கம்பியைச் செருகி, அதையே அச்சாக வைத்துக் கல்லைச் சுழற்றித் தேய்த்தால், சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக வரும். கரடான வைரத்தூளில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய தூளுக்குப் போவார்கள். ஒவ்வொரு தூளும் முந்தியது விட்டுப்போன கீறலை அழிக்க வேண்டும். ஒரு படியை அவசரப்பட்டுத் தாண்டினால், கடைசி மெருகின்போது அந்தக் கீறல் பளிச்சென்று தெரியும். தெளிந்த படிகமானால் வேலை இரட்டிப்பு: துளையின் உட்சுவருக்கும் மெருகேற்றினால்தான் உள்ளே ஆடும் மை வெளியே தெரியும்.

மரை வெட்டுவது வேறு சிக்கல். மெல்லிய கல்லில் மரை வெட்டினால் ஓரம் உதிர்ந்துவிடும். ஆகவே பித்தளையிலோ வெள்ளியிலோ கூடு செய்து, மரையை அதில் வெட்டி, கல்லுக்குள் ஒட்டுவார்கள். உலோகம் சூட்டில் கல்லைவிட அதிகம் விரியும். கொஞ்சம் இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்தினால் வெயில் நாளில் கல்லே விண்டுவிடக்கூடும். எடையும் உண்டு. படிகம் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். பிளாஸ்டிக் பேனாவுக்குப் பழகிய கைக்கு அது முதலில் பாரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

இந்த அழகுக்குப் பின்னால் ஓர் ஆபத்து இருக்கிறது. படிகத்தூள் தொடர்ந்து நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் என்ற நோய் வரக்கூடும்; வந்தால் குணமாகாது. குஜராத்தின் காம்பே நகரில் அகேட் தீட்டும் குடும்பங்கள் இந்த நோய்க்குக் கொடுத்த உயிர்கள் பல. தண்ணீர் ஓடாத சாணையில், முகமூடி இல்லாமல், யாரும் கல் தீட்டக் கூடாது. கல் பேனா வாங்குகிறவர் அது எப்படிப்பட்ட பட்டறையிலிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்பது நியாயம்.

குழாய்த் துளைப்பான் இறங்கிய இடத்தில் ஒன்று மிஞ்சும் நேயர்களே: விரலைவிட மெல்லியதாக, பென்சில் போன்ற ஒரு கல் குச்சி. பேனாவின் வயிற்றிலிருந்து வெளியே வந்த அதையும் வீணாக்க வேண்டியதில்லை. துண்டுகளாக நறுக்கி, ஓரங்களை உருட்டி, நடுவே இன்னும் சிறிய துளை ஒன்று போட்டால், கொடுமணலில் செய்ததைப் போன்ற படிக மணி.