ஃபேக்டரி மூடியாச்சு, விஷயம் முடியலை: மண்ணுக்குள்ளே ஒரு விசாரணை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

பாரதி பூங்கா நடுவுல இருக்கிற அந்த வெள்ளை மண்டபம் முன்னாடி நாம எல்லாருமே ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்போம். அதுக்குப் பேர் ஆயி மண்டபம். ஆயிங்கிற ஒரு பெண் தன் வீட்டையே இடிச்சுட்டு ஊருக்குக் குளம் வெட்டினாங்கன்னு ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரங்க காலத்துல முத்திரப்பாளையத்துலேர்ந்து டவுனுக்குத் தண்ணீர் கொண்டு வந்தாங்க. அதோட நினைவா மூன்றாம் நெப்போலியன் காலத்துல கட்டினதுதான் இந்த மண்டபம்.

அதாவது, நம்ம ஊரோட அடையாளமே ஒரு தண்ணீர்க் கதைதான். இன்னிக்கும் புதுச்சேரி குழாயில வர்றது நிலத்தடி நீர்தான். மேட்டூர் மாதிரி அணையோ, வீராணம் மாதிரி ஏரியோ நமக்குப் பின்னாடி இல்லை. காலுக்குக் கீழ இருக்கிறதுதான் நம்ம டேங்க். அந்த டேங்க்ல விஷம் கலந்தா அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படிச் சுத்தம் பண்றது, யார் செலவு பண்றது? இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

இங்கேர்ந்து மூணு நாலு மணி நேரத்துல ராணிப்பேட்டை போயிடலாம். அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு கம்பெனி இருந்தது. எழுபதுகளின் நடுவில் ஆரம்பிச்சு, தொண்ணூறுகளின் நடுவில் மூடிட்டாங்க. சுத்துவட்டாரத் தோல் ஷெட்டுகளுக்குத் தேவையான குரோமிய உப்பு தயாரிக்கிறதுதான் வேலை. குரோம் தாதுவை சோடா சாம்பல், சுண்ணாம்பு சேர்த்துக் கடும் சூட்டில் வறுப்பாங்க. அப்புறம் தண்ணீர் விட்டு வேண்டியதைப் பிரிச்சு எடுத்துட்டு, மிச்சச் சக்கையைக் கொட்டிடுவாங்க.

அந்தச் சக்கை மட்டும் சுமார் 1.5 லட்சம் டன். பத்து டன் லாரியில ஏத்தினா 15,000 லோடு. கம்பெனி மூடி இருபது வருஷம் தாண்டியும் அது திறந்த வெளியிலேயே கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதுலேர்ந்து மஞ்சள் தண்ணீர் கசிஞ்சு இறங்கும். 2006-ல் உலகின் மிக மோசமா மாசுபட்ட இடங்கள்னு ஒரு அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு வெளியிட்ட பட்டியல்ல ராணிப்பேட்டையும் இருந்தது.

குரோமியத்துல ரெண்டு முகம் இருக்கு. குரோமியம்-3 ஓரளவு சாது. மண்ணோட ஒட்டிக்கிட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். குரோமியம்-6 அப்படி இல்லை. தண்ணீர்ல நல்லாக் கரையும், மண் துகள்ல அவ்வளவா ஒட்டாது, தண்ணீர் போற வேகத்துலயே கூடப் போகும். சுவாசிச்சா நுரையீரல் புற்றுநோய் வரும்னு உறுதியாயிருக்கு. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரே ஒரு கிராம் குரோமியம், 20,000 லிட்டர் சுத்தமான தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டு வந்துடும். ஒரு கிராமுக்கே ரெண்டு பெரிய டேங்கர் லாரி!

சரி, கண்டுபிடிக்கிறது எப்படி?

முதல் வேலை மண்வெட்டி இல்லை, பேச்சு. பழைய வரைபடம், லைசென்ஸ் ஃபைல், எல்லாத்தையும் விட முக்கியமா அங்கே வேலை பார்த்தவங்க. "அந்தப் புளியமரத்துக்குப் பின்னாடி ஒரு குழி இருந்துச்சு தம்பி, ராத்திரி ஷிஃப்ட்ல அதுலதான் ஊத்துவோம்"னு ஒரு பெரியவர் சொல்ற ஒரு வரி, நூறு டெஸ்ட்டுக்குச் சமம்.

அடுத்தது மண் மாதிரி. இடத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, மேல் மண் மட்டுமில்லாம ஆழத்துலயும் எடுக்கணும். அப்புறம் கண்காணிப்புக் கிணறுகள். குறைஞ்சது மூணாவது வேணும். மூணுலயும் நீர்மட்டத்தை அளந்தாத்தான் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகருதுன்னு சொல்ல முடியும். ராணிப்பேட்டையில ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், தரைக்குள் மின்சாரம் செலுத்தி, அதோட தடையை அளந்து, மாசு எங்கே பரவியிருக்குன்னு பார்த்தாங்க. உடம்புக்கு ஸ்கேன் எடுக்கிற மாதிரி, நிலத்துக்கு.

நிலத்தடி நீர் ரொம்ப மெதுவா நகரும். ஒரு நாளைக்கு 10 சென்டிமீட்டர்னு வெச்சுக்குங்க. வருஷத்துக்கு 36 மீட்டர். முப்பது வருஷத்துல ஒரு கிலோமீட்டரைத் தாண்டிடும். கம்பெனி நடந்தப்போ பிறக்காத ஒரு குழந்தையோட வீட்டு போருக்கு அது வந்து சேரும்.

இங்கே என் சொந்தத் தப்பு ஒண்ணைச் சொல்லணும். வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு தொழிற்பேட்டை ஓரத்து கிராமம், பேர் வேணாம். ஒரு வீட்டுல ரொம்ப நாளா ஓடாம கிடந்த போர். போனேன், மோட்டார் போட்டேன், முதல்ல வந்த தண்ணீரையே பாட்டில்ல பிடிச்சேன், ஐஸ் பெட்டியில வெச்சேன், கிளம்பினேன். ரிசல்ட் சுத்தம்னு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எங்க சீனியர் மேடம் என் நோட்டைப் பார்த்துட்டு, "எவ்வளவு நேரம் ஓட விட்டே?"ன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். "அப்போ நீ எடுத்தது நிலத்தடி நீர் இல்லைப்பா, பைப்புல கிடந்த தண்ணி"ன்னாங்க.

கிணத்துல நிக்கிற பழைய தண்ணீரை வெளியேத்தணும். வழக்கமா, அதோட கொள்ளளவு மாதிரி மூணு மடங்கு. பிஎச்சும் உப்புத்தன்மையும் ஒரே அளவுல நிக்கிற வரைக்கும் ஓட விட்டு, அப்புறம்தான் மாதிரி எடுக்கணும். குரோமியம்-6-ன்னா குளிர்ச்சியிலேயே வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போகணும்னு எங்களுக்குக் கத்துக் கொடுத்திருந்தாங்க.

திரும்பப் போனேன். அந்த வீட்டுப் பாட்டி திண்ணையில உக்காந்திருந்தாங்க. "தம்பி, கலர் கலரா எழுதி வெச்சிருக்கியே, அதெல்லாம் எனக்குப் புரியாது. குடிக்கலாமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு"ன்னாங்க. ரெண்டாவது ரிசல்ட், வேணாம்னு சொல்லுச்சு. முதல் ரிசல்ட்டை நம்பி நான் "குடிங்க பாட்டி"ன்னு சொல்லியிருந்தா? இன்னிக்கும் ஒவ்வொரு பாட்டிலை மூடும்போதும் அந்தக் கேள்வி காதுல விழும்.

இப்போ சுத்தம் பண்ற பக்கம். தோண்டி எடுத்து, கும்மிடிப்பூண்டியில இருக்கிற மாதிரியான அபாயக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டு போகலாம். ஆனா 15,000 லோடுன்னா, செலவையும் வழியெல்லாம் பறக்கிற தூசியையும் யோசிங்க. இல்லைன்னா மேல தண்ணீர் இறங்காத மூடி போட்டு, சுத்தி நிலத்தடிச் சுவர் கட்டலாம். அது சிறை வைக்கிறது மாதிரி, காவல் என்னிக்கும் வேணும். தண்ணீரை இறைச்சுச் சுத்திகரிக்கலாம். அதுக்கு வருஷக்கணக்காகும்.

எனக்குப் பிடிச்ச வழி வேற. குரோமியம்-6-ஐ நிலத்துக்குள்ளேயே குரோமியம்-3 ஆக்கிடறது. 1996-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், எலிசபெத் சிட்டியில ஒரு முலாம் பூசும் பட்டறையால வந்த மாசுக்கு, 46 மீட்டர் நீளத்துக்கு அகழி தோண்டி இரும்புத் துருவலால நிரப்பினாங்க. நிலத்தடி நீர் தானா அதன் வழியே போகும், குரோமியம் அங்கேயே படிஞ்சிடும். மோட்டாரே வேண்டாம். 'எரின் பிராக்கோவிச்' படம் பார்த்திருப்பீங்க. அந்த நிஜக் கதையின் ஊரான கலிஃபோர்னியாவின் ஹிங்க்லியில எத்தனாலை நிலத்துக்குள்ள செலுத்தினாங்க. நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டு ஆக்ஸிஜனைத் தீர்க்க, குரோமியம் முகம் மாறிடுது. சில இடங்கள்ல இதுக்குக் கரும்பு மொலாசஸே போதுமானதா இருந்திருக்கு. ஆனா ஒண்ணு: மேல சக்கைக் குவியல் அப்படியே கிடந்தா, கீழ என்ன பண்ணினாலும் ஓட்டைப் படகுல தண்ணி இறைக்கிற கதைதான்.

கடைசிக் கேள்வி, காசு யார் தர்றது? பாலாற்றங்கரைத் தோல் ஷெட்டுகள் வழக்குலதான் 1996 ஆகஸ்ட்ல, 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும்'னு உச்ச நீதிமன்றம் அழுத்தமா சொன்னது. நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படற தீர்ப்பு, நம்ம பக்கத்து மாவட்டக் கிணறுகளால வந்தது. ஆனா கம்பெனியே இல்லாமப் போனா? அதுக்கு ஒரு விடை 2025 ஜூலையில வந்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள்ல இருக்கு. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அறிக்கையாத் தரணும். மாசுபடுத்தினது யார்னு கண்டுபிடிச்சு வசூலிக்கணும். ஆள் கிடைக்கலைன்னா மத்திய, மாநில அரசுகள் செலவை ஏத்துக்கணும். காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. அதை நடக்க வைக்கிறது, கேள்வி கேக்கிற ஊர்க்காரங்க கையிலதான்.

நம்ம ஊருக்கும் அந்தக் கேள்வி உண்டு. பழைய மில்கள் மூடிக் கிடக்கு, ஏ.எஃப்.டி. உட்பட. அங்கே மாசு இருக்குன்னு நான் சொல்ல வரலை. ஆனா எந்தப் பழைய தொழிற்சாலை நிலத்துலயும் நாளைக்கு பார்க்கோ ஃபிளாட்டோ வர்றதா இருந்தா, "மண் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?"ன்னு கேளுங்க. கட்டடத்தோட பலத்துக்கான டெஸ்ட் மட்டும் போதாது, ரசாயன டெஸ்ட்டும் வேணும்.

வீட்டுக்கு ரெண்டு விஷயம். கொதிக்க வெச்சா கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் அடர்த்திதான் ஆகும். அப்புறம், நிறமும் வாசனையும் இல்லைங்கிறதால தண்ணீர் சுத்தம்னு அர்த்தமில்லை. குரோமியம் மஞ்சளா கண்ணுக்குத் தெரியற நேரத்துல, அளவு எல்லையை எப்பவோ தாண்டியிருக்கும்.

அடுத்த தடவை ஆயி மண்டபம் பக்கம் போனா, ஒரு நிமிஷம் தரையைப் பாருங்க. நம்ம டேங்க் அங்கேதான் இருக்கு. உங்க ஏரியாவுல சந்தேகப்படற மாதிரி ஏதாவது இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.